மழைக்காலத்துக்கு வீட்டுல பார்க்க என்ன படம்? கூடவே, அப்பா பாதியில விட்ட ஒரு படத்தைத் தேடுறேன்

பிறைவாசி (பிறை, பினாங்கு) · திங்கள் இரவு

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வாரமா எங்க பக்கம் சாயங்காலம் நாலு மணியானா வானம் கறுத்துடுது. அஞ்சு மணிக்குப் பிடிக்கிற மழை, சாப்பாட்டு நேரம் வரைக்கும் விடுறதில்லை. நம்ம ஊருக்குக் குளிர்காலம்னா இதுதான். ஃபேனை நிறுத்திட்டு, அப்பா தலையில துண்டைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கார்.

அம்மா போன பிறகு அப்பாவைக் கெடாவிலிருந்து கூட்டிட்டு வந்துட்டோம். வயசு 71. ரப்பர் தோட்டத்துல பிறந்து, அங்கேயே கித்தா மரம் (ரப்பர் மரம்) சீவினவர். என் மகனுக்கு 13. தமிழ் நல்லாப் பேசுவான், வேகமாப் படிக்க வராது. மழை நாள்ல மூணு பேரும் ஒண்ணா உட்கார்ந்து பார்க்கிற மாதிரி படங்கள் சொல்லுங்க.

இன்னொண்ணு. மழை வந்தா அப்பா உட்காரவே மாட்டார். வாசல்ல போய் நின்னு மேலே பார்ப்பார். நேத்துதான் காரணம் கேட்டேன். "விடியக்காலை மழை பேஞ்சா பெரட்டு கிடையாது. பெரட்டு இல்லைன்னா சம்பளம் இல்லை"ன்னார். பெரட்டுன்னா விடியக்காலையில ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புறது. அப்புறம் அவரே ஒரு கதை சொன்னார். அவருக்கு 12 வயசு இருக்கும்போது, 1966 வாக்குல, தோட்டத் திடல்ல வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டிருக்காங்க. பாதியில பெரிய மழை. மிஷின் மேல தார்ப்பாயைப் போட்டு மூடிட்டாங்க. மீதியை அப்புறம் போடவே இல்லை. அந்தப் படத்தோட முடிவு என்னன்னு அவருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது!

பேர் ஞாபகமில்லை. கறுப்பு வெள்ளை. ஒரு பெரிய பங்களா. ரொம்ப ரொம்ப வயசான ஒரு கிழவன். அந்தக் கிழவன் முகம் திரையில வந்த நேரத்துலதான் மழை பிடிச்சதாம். யாருக்காவது தெரியுதா?

செந்தூல்காரர் (கோலாலம்பூர்) · திங்கள் இரவு

தங்கச்சி, படிச்சதும் மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. எங்க அப்பாவும் தோட்டத்துப் படம் பார்த்து வளர்ந்தவர்தான்.

பங்களா, பயம், அறுபதுகள்னா முதல்ல ரெண்டு படம் நினைவுக்கு வருது. ஒண்ணு *யார் நீ*, 1966. ஜெய்சங்கர், ஜெயலலிதா. 'நானே வருவேன்'னு சுசீலா பாட்டு வரும். அந்தப் பாட்டை ஒரு தரம் கேட்டவங்க மறக்கமாட்டாங்க, அதைப் போட்டுக் காட்டுங்க. இன்னொண்ணு *அதே கண்கள்*, ஆனா அது 1967, அதுவும் கலர் படம். அப்பா கறுப்பு வெள்ளைன்னு உறுதியாச் சொன்னா அதை விட்டுடலாம்.

அந்தக் கிழவனா நடிச்சது யாருன்னு கேட்டுப் பாருங்க. நடிகர் பேர் கிடைச்சா படம் கிடைச்ச மாதிரி.

ஒயர்தம்பி (பூச்சோங்) · திங்கள் இரவு

அக்கா, எந்தப் படம் பார்த்தாலும் சரி, தட்டு ஆண்டெனாவை நம்பி உட்காராதீங்க. நான் பத்து வருஷமா வீடு வீடா லைன் போடுற வேலை. மழை வந்தா தட்டுல படம் நிக்கிறது ரிப்பேர் இல்லை. செயற்கைக்கோள்ல இருந்து வர்றது கேயூ அலைவரிசை. அந்த அலையைக் கனமான மழைத்துளி உறிஞ்சும், சிதற வைக்கும். மழை குறைஞ்சா தானா வந்துடும். கூரை மேல ஏறித் தட்டைத் திருப்பி இன்னும் கெடுத்துக்கிட்டவங்களை நிறையப் பார்த்திருக்கேன்.

ஃபைபர்ல வெளிச்சம்தான் போகுது. மழை அதை ஒண்ணும் செய்யாது. நெட்ஃபிளிக்ஸ் மாதிரி சேவைக்கு 1080பி தரத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கேக்கு 15 எம்பிபிஎஸ் இருந்தாப் போதும். ஃபைபர் இருக்கிற வீட்ல அது ஒரு பிரச்சினையே இல்லை. கைபேசி டேட்டாவுல பார்க்கிறவங்க மட்டும் கவனம், நல்ல தரத்துல ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரைக்கும் இழுக்கும். படம் பதிவிறக்கிக்கிற வசதி இருந்தா காலையிலேயே இறக்கி வச்சுடுங்க.

இதைவிட முக்கியம் இடி. நம்ம ஊர் இடி உலகத்துலயே பேர் போனது. ஃபைபர் கம்பி கண்ணாடி இழை, மின்சாரம் அதுல வராது. ஆனா ரவுட்டரோட அடாப்டர் சுவர்லதானே சொருகியிருக்கு? அது வழியா வரும், டிவியோட சேர்த்து எரியும். வானம் கறுக்கும்போதே, இடி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே படத்தை நிறுத்திட்டு சுவிட்சை மட்டும் அணைக்காம பிளக்கையே கழட்டுங்க. தாத்தாவுக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை (பத்து கேவ்ஸ்) · செவ்வாய் மாலை

தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர் வீட்டில் இருக்கிறார் என்றால் பேரனுக்குக் காட்ட வேண்டிய படங்கள் தனி. முதலில் *பரதேசி* (2013, பாலா). பி.எச். டேனியல் எழுதிய நாவல் தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று வந்தது. அதைத் தழுவி எடுத்தது. கங்காணி ஊருக்கு வந்து ஆசை காட்டி ஆள் சேர்ப்பது, மலைக்கு நடத்திக் கூட்டிப் போவது, கடனிலேயே வைத்திருப்பது எல்லாம் அதில் இருக்கிறது. அது தேயிலை, நமக்கு ரப்பர். ஆனால் கங்காணி ஒரே கங்காணிதான். என் வகுப்பில் கொள்ளுத்தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்று கேட்டால் ஒரு பிள்ளைக்கும் பதில் தெரிவதில்லை. அந்த வருத்தத்தில் சொல்கிறேன்.

அடுத்து *மேற்குத் தொடர்ச்சி மலை* (2018, லெனின் பாரதி). ஏலக்காய் மூட்டையைத் தலையில் சுமந்து மலையிறங்கும் ஒரு கூலியாளின் கதை. சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும், அவன் ஆசை அவ்வளவுதான். வேகமே இல்லாத படம், மழை நாளுக்கு அந்த நிதானம் பொருந்தும்.

கெப்போங் அக்கா (கோலாலம்பூர்) · செவ்வாய் இரவு

டீச்சர், உங்க மேல மரியாதை உண்டு. ஆனா பரதேசி வேண்டாம். கண்டிப்பா வேண்டாம்.

எங்க அம்மா 30 வருஷம் தோட்டத்துல மரம் சீவினவங்க. ஒரு தீபாவளி லீவுல நாங்க பிள்ளைங்க எல்லாம் சேர்ந்து அந்தப் படத்தைப் போட்டோம். அம்மா பாதியில எழுந்து அடுப்படிக்குப் போயிட்டாங்க. வெங்காயம் உரிக்கிறாங்கன்னு நினைச்சேன். போய்ப் பார்த்தா சும்மா தண்ணிக் குழாயைத் திறந்துவிட்டுட்டு நிக்கிறாங்க. அன்னிக்கு ராத்திரி சாப்பிடலை. நாங்க படமாப் பார்த்ததை அவங்க நடந்ததாப் பார்த்தாங்க. இப்பத்தான் துணையை இழந்து வந்திருக்கிற பெரியவர் முன்னாடி அதைப் போடலாமா?

பிறைவாசி, *மௌன ராகம்* போடுங்க. 1986 படம். ஆரம்பத்துலயே மழை வரும். பொண்ணு பார்க்க வர்றாங்கன்னு தெரிஞ்சு, ரேவதி வேணும்னே மழையில ஆடிட்டு லேட்டா வீட்டுக்கு வருவாங்க. பார்த்தா மோகன் இன்னும் காத்துக்கிட்டு உட்கார்ந்திருப்பார். அந்த ஒரு இடத்துலயே அந்த மனுஷனோட பொறுமை தெரிஞ்சுடும். பி.சி. ஸ்ரீராம் வெளிச்சம் வச்சிருக்கிற அழகு, இளையராஜா... இதுக்கு மேல நான் என்ன சொல்ல! எத்தனை மழைக்குப் பார்த்திருக்கேனோ.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை · செவ்வாய் இரவு

அக்கா, உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியதைப் படித்து வெகுநேரம் யோசித்தேன். பெரியவருக்குக் காட்டுவது பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் பிள்ளைகளிடமிருந்து மறைப்பதை ஏற்க முடியவில்லை. நாம் சொல்லாவிட்டால் அவர்களுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். பெரியவரிடமே கேட்டுவிடுங்கள் பிறைவாசி. அவர் வாழ்க்கை, அவரே முடிவு செய்யட்டும்.

ஜெலுத்தோங் பையன் (பினாங்கு) · புதன் மதியம்

நம்ம ஊர்ப் படத்தை ஒருத்தரும் சொல்லலையே? *ஜகாட்*, 2015, சஞ்சய் குமார் பெருமாள் இயக்கினது. 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவுல சிறந்த மலேசியப் படம்னு விருது வாங்கினது. தோட்டத்தை விட்டு வந்த குடும்பம், தொண்ணூறுகள், அப்போய்னு ஒரு 12 வயசுப் பையன். கற்பனையும் குறும்புமா இருக்கிறவன். படி படின்னு அடிக்கிற அப்பா ஒரு பக்கம், குண்டர் கும்பல்ல இருக்கிற சித்தப்பா ஒரு பக்கம். அதுல பேசுற தமிழ் நாம வீட்ல பேசுற தமிழ். நான் முதல் தடவை பார்த்தப்ப, திரையில என் தெருவே பேசுற மாதிரி இருந்துச்சு. அக்கா மகன் வயசுதான் அந்தப் பையனுக்கும். அடிதடி இருக்கு, அதனால தனியாப் பார்க்க விடாதீங்க, பக்கத்துல உட்காருங்க.

இன்னும் முன்னாடி போகணும்னா *செம்மண் சாலை*, 2005, தீபக் குமாரன் மேனன். தோட்டத்துல மேல படிக்க ஆசைப்படுற ஒரு பொண்ணோட கதை. அமைதியான படம், கத்திப் பேசுற ஆளே கிடையாது. தாத்தாவுக்கு அது நிச்சயம் பிடிக்கும்.

யாஸ்மின் அகமதுவோட *டேலண்டைம்* (2009) கூட வரிசையில வைங்க. மலாய்ப் பொண்ணு, காது கேட்காத தமிழ்ப் பையன். அந்தப் பையனோட அம்மா தமிழ்ல அழுற காட்சிக்கு எந்த மொழிக்காரனுக்கும் சப்டைட்டில் தேவைப்படாது. அந்த இயக்குநர் அதே 2009 ஜூலையில இறந்துட்டாங்கங்கறது எனக்கு இன்னிக்கும் இழப்புதான்.

செந்தூல்காரர் · புதன் இரவு

தம்பி நல்லதைச் சொன்னார். 'ஜகாட்'ங்கறது 'ஜாஹாட்'ங்கற மலாய்ச் சொல்லு நம்ம வாயில மாறினது. கெட்டவன்னு அர்த்தம். பேரிலேயே நம்ம ஊர் இருக்கு.

பையன் மலாய் படிக்கிறவன்தானே, பி. ராம்லியை விட்டுடாதீங்க. உங்க பினாங்குலயே 1929ல பிறந்தவர். அவர் பிறந்த வீட்டை இன்னிக்கும் போய்ப் பார்க்கலாம். அவர் முதன்முதலா கதாநாயகனா நடிச்ச *பக்தி* (1950) படத்தை இயக்கினது எல். கிருஷ்ணன். மெட்ராஸ்ல பிறந்தவர். அந்தக் காலத்து மலாய்ப் படங்களை இயக்கினவங்கள்ல இந்தியாவிலிருந்து வந்தவங்க பலர். படம் ஆரம்பிக்கிறப்ப பேர் போடுவாங்கல்ல, பையனை அதைப் படிக்கச் சொல்லுங்க. ராஜ்ஹன்ஸ், ராமநாதன், ராவ்னு வரும். மலாய் சினிமா வளர்ந்ததுல நம்மவங்க உழைப்பு இருக்குன்னு அவனே கண்டுபிடிக்கட்டும்.

சரி, கிழவன் விஷயம் என்னாச்சு?

பிறைவாசி · வியாழன் காலை

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு நினைக்கலை.

பரதேசி பத்தி அப்பாகிட்டயே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசலை. "நான் மரம் சீவினதை நானே அவனுக்குச் சொல்றேன், படம் எதுக்கு"ன்னார். அதனால இப்போதைக்கு வேண்டாம் டீச்சர். அவன் பெரியவனானதும் நானே காட்டுறேன்.

'நானே வருவேன்' பாட்டைப் போட்டேன். ரசிச்சுக் கேட்டார். ஆனா இது இல்லைன்னுட்டார். கிழவன் யாருன்னு கேட்டதுக்கு, "நம்பியார்ப்பா, வேற யாரு! தோட்டத்துல அதை நம்பியார் கிழவன் படம்னுதானே சொல்லுவோம்"ங்கறார். இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! அப்புறம், பையனுக்கும் பொண்ணுக்கும் அது ரெண்டாவது ஜென்மம்னும் சொல்றார்.

செந்தூல்காரர் · வியாழன் காலை

*நெஞ்சம் மறப்பதில்லை*. 1963. ஸ்ரீதர் படம்.

கல்யாண்குமார், தேவிகா. நம்பியார் ஜமீன்தார். மறுபிறவிக் கதை. பின்பகுதியில நம்பியார் 109 வயசுக் கிழவனா வருவார், அந்த ஒப்பனையைத்தான் உங்க அப்பா சின்ன வயசுல பார்த்திருக்கார். வின்சென்ட் ஒளிப்பதிவு, விஸ்வநாதன் ராமமூர்த்தி இசை. 'நெஞ்சம் மறப்பதில்லை, அது நினைவை இழப்பதில்லை'ன்னு படம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். முடிவை நான் எழுதமாட்டேன். இந்த இழையில யாரும் எழுதாதீங்க, தயவு செஞ்சு. 12 வயசுல இருந்து காத்திருக்கிறவர்.

பழைய படங்கள் நிறைய உரிமை வச்சிருக்கிற நிறுவனங்களே யூடியூப்ல போட்டிருக்காங்க, முதல்ல அங்க தேடுங்க. பல பதிப்பு இருந்தா முழு நீளமா இருக்கிறதைப் பார்த்து எடுங்க. வெட்டின பதிப்புல பாட்டுங்க போயிடும். ஒலியை முன்கூட்டியே ஒரு நிமிஷம் கேட்டுப் பாருங்க, பெரியவங்களுக்கு வசனம் தெளிவாக் கேட்கணும்.

கெப்போங் அக்கா · வியாழன் மதியம்

உடம்பு சிலிர்த்துடுச்சு. சனிக்கிழமை போடுங்க பிறைவாசி. உளுந்து வடை சுட்டு வைங்க.

ஒயர்தம்பி · வியாழன் மதியம்

அக்கா, படத்தை டிவியில போட முன்னாடி டிவியோட ஒலி அமைப்புல பேச்சைத் தெளிவாக்குற தேர்வு இருக்கும், அதைப் போட்டு விடுங்க. பழைய படத்துல பின்னணி இசை வசனத்தை அமுக்கும். அடுத்தது, படத்தை அகலமா இழுத்து நிரப்புற அமைப்பை அணைச்சிடுங்க. அந்தக் காலத்துப் படம் சதுரமாத்தான் இருக்கும், இழுத்தா முகம் எல்லாம் பருத்துத் தெரியும். ரெண்டு பக்கமும் கறுப்பா இருந்தா இருக்கட்டும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை · வியாழன் இரவு

மகனுக்காக ஒரு சொல். சப்டைட்டில் இருந்தால் வைத்துவிடுங்கள், தமிழ் கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். முதல் தடவை கதையைப் பிடிக்கட்டும். பிடித்துப்போனால் அவனே இரண்டாம் தடவை கேட்பான், அப்போது எடுத்துவிடலாம். என் வகுப்பில் *96* (2018) படத்தை இப்படித்தான் பேசினோம். மழை இரவில் ஜானு ராமின் வீட்டுக்கு வருகிறாள். மின்சாரம் போகிறது. பள்ளிக் காலம் முழுக்க அவன் கேட்டும் அவள் பாடாத 'யமுனை ஆற்றிலே' அந்த இருட்டில் வருகிறது. அந்த இடத்துக்கு வசனமே கிடையாது. பாட்டின் வரி புரிந்தால்தான் அவன் ஏன் அப்படி நிற்கிறான் என்று புரியும். வரியைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே ஒரு மாணவி அகராதியைத் திறந்தாள்.

பிறைவாசி · ஞாயிறு காலை

பார்த்துட்டோம்.

அஞ்சரைக்கு மழை பிடிச்சது. வடை, இஞ்சி தட்டிப் போட்ட தேநீர். ஒயர்தம்பி சொன்ன மாதிரி படத்தை இழுக்காம விட்டேன். அப்பா வழக்கம்போல வாசல்ல நின்னார். பேர் போட ஆரம்பிச்சு அந்தப் பாட்டு வந்ததும் வந்து உட்கார்ந்தவர்தான்.

பாதிக்கு மேல, கிழவன் முகம் வந்துச்சு. அப்பா சோபாவுல இருந்து கையை நீட்டி, "இங்கதான்"னார். வேற ஒண்ணும் சொல்லலை. என் மகன் உடனே படத்தை நிறுத்திட்டான். நம்பியார் முகம் அப்படியே டிவியில நிக்குது, வெளியே மழை. "அப்புறம் என்ன தாத்தா செஞ்சீங்க"ன்னு கேட்டான். சாக்கைத் தலையில போட்டுக்கிட்டு லயத்து வீட்டுக்கு ஓடினாங்களாம். மறுநாள் காலையிலயும் மரம் ஈரம், பெரட்டு இல்லையாம். மரம் ஈரமா இருந்தா என்னன்னு இவன் கேட்கிறான். அப்பா எழுந்து போய், இவனோட பென்சிலையும் தேநீர்க் கோப்பையையும் எடுத்துட்டு வந்தார். முழங்கையை மடக்கி, இதுதான் மரம்னார். பென்சிலால அதுல சாய்வா ஒரு கோடு. இப்படித்தான் பட்டையைச் சீவணும், ரொம்ப ஆழமாப் போனா மரம் புண்ணாயிடும், வேலையை மேற்பார்க்கிற தண்டல் திட்டுவார். பால் இந்தக் கோட்டு வழியா இறங்கி மங்குல விழணும். பட்டை ஈரமா இருந்தா பால் கோட்டுல நிக்காம மரம் முழுக்க வழிஞ்சுடும், மங்குல மழைத்தண்ணிதான் இருக்கும். கோப்பையை முழங்கைக்குக் கீழ பிடிச்சுக் காட்டினார். 40 வருஷமா நான் அவர் மக, இதை ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

கால் மணி நேரம் கழிச்சு அப்பாவே, "சரி, போடு"ன்னார்.

முடிவை எழுதமாட்டேன். படம் முடிஞ்சதும், "அப்ப இதான்"ன்னு மட்டும் சொன்னார். திடல்ல கூட உட்கார்ந்து பார்த்த சேக்காளி ஒருத்தர் இப்ப சுங்கை பட்டாணியில இருக்கார். அவருக்குப் போன் போட்டுக் கதையை முழுசாச் சொன்னார். அவரும் 1966ல இருந்து தெரியாமத்தான் இருந்திருக்கார்.

செந்தூல் அண்ணா, இப்ப என் மகன் கேட்கிறான்: நம்பியார் எப்பவும் கெட்டவராத்தான் வருவாரா? அடுத்த சனிக்கிழமைப் படத்தை அவனையே எடுக்கச் சொல்லிட்டார் அப்பா.

செந்தூல்காரர் · ஞாயிறு மதியம்

*திகம்பர சாமியார்*, 1950, மாடர்ன் தியேட்டர்ஸ். நம்பியார்தான் கதாநாயகன். துப்பறிகிறவர், வேஷம் மாத்தி மாத்தி வருவார். அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க தங்கச்சி. சுங்கை பட்டாணி நண்பர் வர முடிஞ்சா அவரையும் கூப்பிடுங்க.